பாக்கெட்டில் இலை, வயலில் என்ன?

போன இதழில், 'ஆர்கானிக் என்று எழுதியிருப்பதை எல்லாம் நம்பி வாங்காதீர்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு ஒரு பை நிறையக் கடிதம். "நம்பாதே என்றால் எதைத்தான் நம்பச் சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் கோபமாகவே கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது. அதனால் இந்த மாதம் இதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: எங்களுக்கு மண்ணச்சநல்லூர் பக்கம் மூன்று ஏக்கர் நிலம். திருச்சியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும் ஒரு சின்னக் கடை. நிலத்தில் உப்பையும் மருந்தையும் நிறுத்திப் பதின்மூன்று வருடம் ஆகிறது. ரசாயன உரத்துக்கு எங்கள் பக்கம் உப்பு என்றுதான் பெயர்.

ஒரே அலமாரியில் மூன்று துவரம்பருப்புப் பாக்கெட். ஒன்றில் 'ஜைவிக் பாரத்', இன்னொன்றில் அதோடு 'இந்தியா ஆர்கானிக்', மூன்றாவதில் 'பிஜிஎஸ்'. இதில் எது உண்மை அக்கா?
வாசகி, தாம்பரம்

மூன்றுமே உண்மையாக இருக்கலாம். சொல்லும் விஷயம்தான் வேறு வேறு.

மூத்தது 'இந்தியா ஆர்கானிக்'. மத்திய வணிக அமைச்சகம் 2000இல் தொடங்கிய தேசிய அங்கக (ஆர்கானிக்) உற்பத்தித் திட்டத்தின் முத்திரை அது. மேற்பார்வை அபெடா என்கிற ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். ஏற்றுமதியைக் கவனிக்கிற ஆணையத்தின் கையில் இருப்பதால் காகித வேலைக்குப் பஞ்சமே இல்லை. அங்கீகாரம் பெற்ற ஒரு சான்றளிப்பு நிறுவனத்திலிருந்து ஆய்வாளர் வயலுக்கு வருவார். விதை எங்கே வாங்கினாய், எரு எங்கிருந்து வந்தது, பக்கத்து வயலில் என்ன நடக்கிறது என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதுவார். நம் மாநிலத்தில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இந்த வேலையை 2007இலிருந்து செய்கிறது. தனியார் நிறுவனங்களும் உண்டு. நெல், காய்கறி மாதிரிப் பருவப் பயிர் என்றால் விதைப்புக்கு முன் இரண்டு வருடம், மா, தென்னை மாதிரி நின்று காய்ப்பது என்றால் அறுவடைக்கு முன் மூன்று வருடம், அந்த நிலம் உப்பும் மருந்தும் காணாமல் இருந்திருக்க வேண்டும்.

'பிஜிஎஸ்' என்பது வேளாண் அமைச்சகத்தின் வழி. பங்கேற்பு உத்தரவாத முறை என்று தமிழில் சொல்கிறார்கள். இதில் வெளியிலிருந்து ஆய்வாளர் வரமாட்டார். அக்கம்பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்க்க வேண்டும். செலவு மிகக் குறைவு. உள்நாட்டில் விற்க மட்டும் செல்லும். இதில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். 'பிஜிஎஸ் ஆர்கானிக்' என்றால் மாறி முடித்த நிலம். 'பிஜிஎஸ் கிரீன்' என்றால் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் நிலம். 'கிரீன்' என்ற வார்த்தை பசுமையாகக் காதில் விழுவதால் அதுதான் உசத்தி என்று நினைத்து அதையே தேடி வாங்குகிறவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

'ஜைவிக் பாரத்' இந்த இரண்டுக்கும் பிறகு வந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் ஆர்கானிக் உணவுக்கென்று தனி விதிகள் போட்டது. முதல் இரண்டு வழிகளில் ஏதாவது ஒன்றில் சான்று வாங்கிய பொருள், இந்தியக் கடைகளில் ஆர்கானிக் என்று விற்கப்படும்போது இந்த முத்திரை போட வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே பாக்கெட்டில் 'ஜைவிக் பாரத்' பார்த்ததும் நின்றுவிடாமல், அது எந்த வழியில் வந்தது என்று இன்னும் ஒரு அங்குலம் தள்ளிப் பாருங்கள். சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயரோ குழுவின் எண்ணோ இருக்கும். 'இந்தியா ஆர்கானிக்', 'ஜைவிக் பாரத்' இரண்டையும் ஒன்றாக்கிப் புது முத்திரையும் அறிவித்திருக்கிறார்கள். அதனால் பழக்கமில்லாத வடிவத்தைக் கண்டால் போலி என்று பதற வேண்டாம்.

"பிஜிஎஸ் என்றால் மாமன் வயலை மச்சான் பார்ப்பதுதானே" என்று கேலி செய்பவர்கள் உண்டு. எங்கள் குழுவில் ஏழு குடும்பம். மூன்றாவது வருடம் ஆய்வுக்கு வந்தவர்கள் வயலைச் சுற்றிவிட்டு, தண்ணீர் கேட்கிற சாக்கில் மாட்டுக்கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்கள். மூலையில் பாதி தீர்ந்த யூரியா மூட்டை. என் கொழுந்தன் தன் வயலுக்கு வாங்கி, மழைக்கு நனையாமல் இருக்கட்டும் என்று எங்கள் கொட்டகையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான், அத்தனை பேரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, இன்னும் ஒரு வருடம் 'கிரீன்'இலேயே இரு என்று எழுதிவிட்டார்கள். வெளியூர் ஆய்வாளர் என்றால் கொட்டகைப் பக்கமே போயிருக்கமாட்டார் என்பது என் எண்ணம். சொந்தக்காரருக்கு மட்டும்தான் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிகிறது.

எங்கள் தெருக் கடைக்காரர் நாட்டுச்சர்க்கரைப் பாக்கெட்டில் உள்ள 14 இலக்க எண்ணைக் காட்டி, "இது கவர்ன்மென்ட் ஆர்கானிக் நம்பர்" என்கிறார். பச்சைப் புள்ளியும் இருக்கிறது. நம்பலாமா?
வாசகர், மதுரை

அந்த 14 இலக்கம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண். சிப்ஸ் பாக்கெட்டிலும் இருக்கும், கலர் சோடாவிலும் இருக்கும். கம்பெனி பதிவு செய்திருக்கிறது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, சைவம் என்று சொல்கிறது. அவ்வளவுதான். அக்மார்க் என்பது தரம் பிரிக்கும் முத்திரை. 1937ஆம் வருடச் சட்டத்திலிருந்து வருவது. அதற்கும் மருந்து அடித்தார்களா என்பதற்கும் சம்பந்தம் கிடையாது. புவிசார் குறியீடும் அப்படித்தான். வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குக் குறியீடு இருக்கிறது, எங்கள் மணப்பாறை முறுக்குக்கும் இருக்கிறது. ஊர்ப் பெயரைக் காப்பாற்றும். முறுக்கை எந்த எண்ணெயில் சுட்டார்கள் என்று அது சொல்லாது.

'பாரம்பரிய', 'நாட்டு', 'மரச்செக்கு', 'கைக்குத்தல்' எல்லாம் நல்ல வார்த்தைகள். ஆனால் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் யூரியா போடலாம். தூயமல்லிக்கும் மருந்து அடிக்கலாம். ரகம் பாரம்பரியமானது என்பதும் வளர்த்த விதம் என்ன என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி அழிந்துபோக இருந்த ரகங்களை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த நெல் ஜெயராமன் விதையையும் கொடுத்தார், வளர்க்கும் முறையையும் சேர்த்துச் சொன்னார். பாக்கெட் போடுகிறவர்கள் விதையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நாட்டுச்சர்க்கரை என்று கேட்டதால் ஒரு வார்த்தை. நிறம் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் நான் வாங்குவதில்லை. பாகு காய்ச்சும்போது வெளுப்பதற்கு 'ஹைட்ரோஸ்' என்கிற ரசாயனம் போடுகிற வழக்கம் சில ஆலைகளில் இருக்கிறது. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை எடுக்கிறார்கள். ஒரு தடவை போய்ப் பாருங்கள். மூட்டைக்கு மூட்டை நிறம் மாறும். எல்லா மூட்டையும் ஒரே நிறத்தில் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம்.

முத்திரை எதுவும் இல்லாமல், "எங்க தோட்டத்துல விளைஞ்சதுங்க" என்று சாக்கில் கட்டி விற்கிற கடைகளை எப்படி நம்புவது? நீங்களும் அப்படித்தானே விற்கிறீர்கள்?
வாசகர், கரூர்

குத்தல் புரிகிறது. பரவாயில்லை.

முதலில் சட்டம். வருடத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் உள்ள சிறு விவசாயியோ விவசாயிகள் அமைப்போ, தன் விளைபொருளை நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கே விற்றால், சான்று இல்லாமலே ஆர்கானிக் என்று விற்கலாம். 'ஜைவிக் பாரத்' முத்திரையை மட்டும் போடக்கூடாது. விளைவித்தவரே விற்க வேண்டும் என்பது இதில் முக்கியம். நாலு ஊரில் வாங்கி ஐந்தாவது ஊரில் விற்கும் கடைக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

அப்புறம் என் அனுபவம். ஏழெட்டு வருடத்துக்கு முன்பு கடைக்கு உளுந்து போதவில்லை. ஒரு வியாபாரி வந்து லேமினேட் செய்த சான்றிதழைக் காட்டினார். கோபுரச் சின்னம், கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தன. நான் பார்த்து மயங்கி நான்கு மூட்டை எடுத்தேன். இரண்டு மூட்டை விற்ற பிறகு, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடையில் உட்கார்ந்து அந்தச் சான்றிதழின் நகலை வரி வரியாகப் படித்தார். "அம்மா, இதில் நெல், எள், தேங்காய் என்றுதான் போட்டிருக்கிறது. உளுந்து எங்கே?" என்றார். அதோடு தேதி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சான்றிதழ் போலி இல்லை. உண்மையான சான்றிதழ்தான். என் உளுந்துக்கு உரியது இல்லை, அவ்வளவுதான். வாங்கிப் போனவர்களில் தெரிந்தவர்களுக்கு எல்லாம் ஃபோன் போட்டுச் சொன்னேன். பாதிப் பேர் "அதனால என்னங்க, சாப்பிட்டு முடிச்சாச்சு" என்றார்கள். மிச்ச மூட்டையைச் சாதாரண உளுந்து விலைக்குக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து சான்றிதழ் என்றால் நான் பார்ப்பது மூன்றே இடம்: யார் பெயர், எந்தப் பயிர், எதுவரை செல்லும். 'ஸ்கோப் சான்றிதழ்' என்று கேளுங்கள். பயிர்ப் பட்டியல் அதில்தான் இருக்கும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது அது. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது என்றாலே தேதியைப் பாருங்கள்.

சான்றிதழே இல்லாத விவசாயியிடம் நான் கேட்கும் கேள்விகள் வேறு. "பக்கத்து வயல்காரர் என்ன போட்டிருக்கிறார்?" என்று கேட்பேன். நிஜமாகவே இப்படி விவசாயம் பண்ணுகிறவருக்கு அதுதான் தீராத தலைவலி. அரை மணி நேரம் பேசுவார். காற்றடிக்கும் திசையைச் சொல்வார், வரப்பில் அகத்தியும் துவரையும் அடர்த்தியாக வைத்த கதையைச் சொல்வார். எங்களுக்குப் பெருவளை வாய்க்கால் பாசனம். மேல் வயல்காரர் வடித்துவிடும் தண்ணீர்தான் எங்கள் வயலுக்கு வரும். அதற்காக வாய்மடையில் ஒரு குழி வெட்டி, ஆகாயத்தாமரையும் கோரையும் வளரவிட்டுத் தண்ணீரைத் தேக்கி எடுக்கிறோம். முழுசாக வடிகட்டிவிடுமா? விடாது. சட்டமும் அதைப் புரிந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆர்கானிக் பொருளில் பூச்சிக்கொல்லி எச்சம் சாதாரணப் பொருளுக்கு அனுமதித்ததில் 5 சதவீதம் வரை, அல்லது கருவி அளக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு வரை, இரண்டில் எது அதிகமோ அதுவரை இருக்கலாம். பக்கத்து வயல் காற்றை யாரும் கட்டிப்போட முடியாது இல்லையா.

இன்னொரு கேள்வி: "இந்த வாரம் என்ன இல்லை?" பன்னிரண்டு மாதமும் முப்பது காயும் ஒரே தோட்டத்திலிருந்து வருகிறது என்றால், அந்தத் தோட்டத்துக்குப் பெயர் காந்தி மார்க்கெட்.

உழவர் சந்தையில் வாங்கினால் அது இயற்கைக் காய்கறி என்று என் மருமகள் சொல்கிறாள். சரியா?
வாசகி, நாமக்கல்

உங்கள் மருமகள் பாதி சரி. உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரையில் முதலில் திறந்தபோது அதன் நோக்கம் இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்பது. அடையாள அட்டை கொடுப்பது அவர் விவசாயி என்பதற்குத்தான், மருந்து அடிக்காதவர் என்பதற்கு இல்லை. ஆனால் எதிரில் நிற்பவர் பயிர் செய்தவர். கேட்டால் பதில் கிடைக்கும். திருச்சி தென்னூர் உழவர் சந்தையில் நான் வெண்டைக்காய் வாங்கும் அம்மா, "நேத்துதான் மருந்து அடிச்சோம், இன்னிக்கு வேணாம், கொத்தவரை எடுத்துட்டுப் போ" என்று ஒருநாள் சொன்னார். இதை எந்த முத்திரையில் அச்சடிப்பது?

குழந்தைக்கு 'ஆர்கானிக் ராகி குக்கீஸ்' வாங்குகிறேன். பெட்டியின் முன்பக்கம் முழுக்க இலை. பின்பக்கம் பொடி எழுத்து. என்ன படிக்க வேண்டும்?
வாசகி, கோயம்புத்தூர்

பல பொருள்கள் சேர்ந்த உணவு என்றால் கணக்கு இருக்கிறது. தண்ணீரையும் சமையல் உப்பையும் தள்ளிவிட்டு, மிச்சத்தில் 95 சதவீதமாவது சான்று பெற்றதாக இருந்தால்தான் அதை 'சான்று பெற்ற ஆர்கானிக்' என்று சொல்லலாம். 70இலிருந்து 95க்குள் என்றால் 'ஆர்கானிக் பொருள்களால் செய்தது' என்றுதான் போட வேண்டும். அதற்கும் கீழே என்றால், பின்பக்கப் பட்டியலில் அந்த ஒரு பொருளுக்குப் பக்கத்தில் மட்டும் ஆர்கானிக் என்று எழுதிக்கொள்ளலாம். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட முடியாது. 'ஆர்கானிக்' என்பது கம்பெனிப் பெயரின் ஒரு பகுதியாகவும் இருக்கக்கூடும். அதையும் பாருங்கள்.

ஆனால் நீங்கள் குழந்தைக்காகக் கேட்பதால் இலையை விடுங்கள், பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். கோதுமை மாவு, சர்க்கரை, பாமாயில் என்று வரிசையாகப் போய், ராகி நான்காவதாக நின்றால் அது ராகி பிஸ்கட்டே இல்லை. ராகிக்கு முன்னால் நிற்கும் சர்க்கரை ஆர்கானிக் சர்க்கரையாக இருந்தாலும் சர்க்கரைதான். பல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. என் பேத்திக்கு நான் ராகி அடைதான் தட்டிக் கொடுக்கிறேன். சாப்பிடுகிறாளா என்று கேட்காதீர்கள்.

வெளிநாட்டு ஆப்பிளில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எண் 9இல் தொடங்கினால் ஆர்கானிக் என்கிறார்கள். கிலோ முந்நூற்றைம்பது. வாங்கலாமா?
வாசகர், சென்னை

எண் விஷயம் சரிதான். அது உலகமெங்கும் கடைகளில் பில் போடுவதற்கு வைத்துக்கொண்ட குறியீடு. நான்கு இலக்கம் என்றால் சாதாரணம், முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமானால் ஆர்கானிக். சாதாரண மஞ்சள் வாழைப்பழத்துக்கு 4011, அதுவே ஆர்கானிக் என்றால் 94011. ஆனால் இது அரசு கொடுக்கும் சான்று இல்லை. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பெட்டியின் மேல் சான்று விவரம் இல்லாமல் ஸ்டிக்கரை மட்டும் நம்பி முந்நூற்றைம்பது கொடுக்க எனக்கு மனம் வராது.

இன்னொன்று சொல்கிறேன். கப்பலிலும் குளிர்பதனக் கிடங்கிலும் மாதக்கணக்கில் இருந்து வந்த ஆப்பிள் அது. கெட்டுப் போயிருக்காது. அந்தத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காசுக்கு உங்கள் தெருவில் தள்ளுவண்டியில் வரும் கொய்யா எத்தனை கிலோ வரும் பாருங்கள். வைட்டமின் சி ஆப்பிளைவிடக் கொய்யாவில் பல மடங்கு. காலையில் பறித்தது மாலையில் உங்கள் கையில்.

உள்ளூர்க் காயின் அருமை எனக்குத் தக்காளியில்தான் புரிந்தது. கடையில் 'நாட்டுத் தக்காளி', 'பெங்களூர் தக்காளி' என்று இரண்டு குவியல் இருக்கும் இல்லையா? பெங்களூர் தக்காளி நீளவாக்கில், தோல் தடிமனாக, கூடையோடு லாரியில் எறிந்தாலும் உடையாது. தூரம் போகிற ரகம். நாட்டுத் தக்காளிக்குத் தோல் மெலிசு. புளிப்பும் சாறும் அதிகம். அரை நாள் வெயிலில் குலுங்கினால் கூழ். ஆக, தூரத்துக்குப் பயிர் செய்யும்போது விவசாயி முதலில் தேர்ந்தெடுப்பது ருசியை இல்லை, தோலை. ரசம் ஏன் முன்பு மாதிரி இல்லை என்று என் வீட்டுக்காரர் பல வருடம் என்னைக் குறை சொன்னார். குற்றம் தோலுக்கு.

கீரையில் இது இன்னும் மோசம். பறித்ததிலிருந்து வாடத் தொடங்கும், அதோடு வைட்டமின் சியும் குறைந்துகொண்டே வரும். நேற்றுப் பறித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பச்சையாக வைத்திருக்கும் ஆர்கானிக் கீரையைவிட, இன்று விடியற்காலையில் ஊர் எல்லையில் பறித்த அரைக்கீரை நல்லது என்பேன். மருந்து அடிக்காததாகவும் இருந்துவிட்டால் சந்தோஷம்.

அதற்காக உள்ளூர் என்றாலே சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மேல் வயல்காரரும் உள்ளூர்தான்.

மாதச் சம்பளம் பதினெட்டாயிரம். எல்லாமே ஆர்கானிக் வாங்க முடியாது. பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கிறோமோ என்று குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. எதை மட்டுமாவது வாங்கலாம் அம்மா?
வாசகி, திருப்பூர்

முதலில் அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள். ஆர்கானிக் உணவில் சத்து அதிகமா என்று ஆராய்ந்தவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2012இல் சொன்னது: சத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை, பூச்சிக்கொல்லி எச்சம் படும் வாய்ப்பு குறைவு. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் முன்னின்று 2014இல் வெளியிட்ட தொகுப்பு ஆர்கானிக் பயிரில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் கூடுதல், காட்மியம் குறைவு என்றது. எச்சம் குறைவு என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. பிள்ளைகள் நிறையக் காயும் பழமும் சாப்பிடுவது, அவை ஆர்கானிக்கா இல்லையா என்பதைவிட முக்கியம். விலைக்குப் பயந்து காயையே குறைத்துவிட்டால்தான் கெடுதல்.

எதற்குக் காசு கூடப் போடலாம் என்றால், நான் ஒரு விவசாயியாக யோசிப்பதைச் சொல்கிறேன். ஒவ்வொரு மருந்துக்கும் அடித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று காத்திருப்புக் காலம் உண்டு. நெல்லுக்கு அது பிரச்சினை இல்லை. வெண்டையும் கத்தரியும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டியவை. விட்டால் முற்றிப்போகும். பூச்சி வந்தால் மருந்தும் அடிக்க வேண்டும், மறுநாள் பறிக்கவும் வேண்டும். எந்த விவசாயி ஒரு வாரம் காத்திருப்பார்? நானும் அந்தக் காலத்தில் காத்திருந்ததில்லை. அதனால் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் வெண்டை, கத்தரி, கீரை, கொத்தமல்லித் தழை. பூசணி, சுரை, சேனை, சின்ன வெங்காயம், வாழைப்பழம், தேங்காய் எல்லாம் தோலை நீக்கிச் சாப்பிடுகிறோம், அவற்றைச் சாதாரணமாகவே வாங்குங்கள். எதுவானாலும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். மேலே ஒட்டியிருப்பது போகும். செடிக்குள் ஊடுருவும் வகை மருந்து கழுவினால் போகாது. மஞ்சளும் புளியும் கரைத்து ஊறவைத்தால் எல்லா விஷமும் போய்விடும் என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்ப வேண்டாம்.

பருவத்தில் வாங்கினால் இன்னும் மிச்சம். என் மாமியார் கோடையில் காலிஃப்ளவர் கேட்ட பேரனிடம், "அதுக்கும் இந்த வெயில்ல வர இஷ்டமிருக்காதுடா" என்பார். குளிர்ந்த மாதத்துக்குரிய காயைச் சித்திரையில் சமவெளியில் வளர்க்க வேண்டுமானால் பூச்சியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அந்த மல்லுக்கட்டு மருந்தாகத்தான் உங்கள் தட்டுக்கு வரும். மார்கழி, தை என்றால் அவரையும் மொச்சையும் பனங்கிழங்கும். விலையும் அப்போதுதான் தரையில் இருக்கும்.

செலவே இல்லாத ஒன்று கறிவேப்பிலை. கேரள வேளாண் பல்கலைக்கழகம் சந்தைக் காய்கறிகளில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று சோதித்து வெளியிட்ட அறிக்கைகளில் அடிக்கடி மாட்டிக்கொண்ட பெயர் அது. கொத்து கொத்தாகப் பளபளவென்று ஒரு ஓட்டை இல்லாமல் வருகிறதே, யோசித்துப் பாருங்கள். வாடகை வீடாக இருந்தாலும் பழைய பெயிண்ட் வாளியில் ஒரு கன்று வைக்கலாம். மோர் மிச்சமானால் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். வீடு மாறினால் வாளியோடு தூக்கிக்கொண்டு போங்கள்.

கத்தரிக்காயில் புழு இருந்தால் அது மருந்து அடிக்காதது என்று அர்த்தம்தானே?
வாசகர், தஞ்சாவூர்

இல்லை. கத்தரியைத் துளைக்கும் புழு பிஞ்சிலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிடும். வெளியே எத்தனை தடவை அடித்தாலும் அதற்குக் கூரை இருக்கிறது. பல நேரம் நிறைய மருந்து அடித்த வயலில்தான் புழு அதிகம். அந்தப் புழுவைத் தின்னும் குளவியும் சிலந்தியும் முதலில் செத்திருக்கும். புழுவுக்குச் சான்றளிக்கும் அதிகாரம் கிடையாது.

இவ்வளவு சொல்கிறீர்கள், உங்கள் கடை எங்கே என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?
வாசகி, ஸ்ரீரங்கம்

பத்திரிகையில் எழுதுகிற இடத்தில் கடையை விற்கக்கூடாது என்று ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் சரி என்றேன். அதோடு, இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தாலும் கத்தரியும் அகத்திக்கீரையும் கொஞ்சம் தூயமல்லியும்தான் இருக்கும். தக்காளி எதிர்பார்த்து வராதீர்கள். போன வாரம் பெய்த மழையில் செடியெல்லாம் சாய்ந்துவிட்டது.